மனோகர் ஐச்: சிறைச்சாலையில் உடலைச் செதுக்கி உலக ஆணழகனான 'பாக்கெட் ஹெர்குலஸ்'

இந்திய உடற்கட்டு விளையாட்டின் முன்னோடிகளுள் ஒருவரான மனோகர் ஐச், 1912-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி பிறந்து, 2016-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி கொல்கத்தாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 104. உயரம் 4 அடி 11 அங்குலம் மட்டுமே. 1952-ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற 'மிஸ்டர் யுனிவர்ஸ்' போட்டியில் தமது பிரிவில் முதலிடம் பெற்றார். சுதந்திர இந்தியாவுக்கு இப்பட்டத்தைக் கொண்டுவந்த இரண்டாவது வீரர் இவர்.

பயிற்சிக் கருவிகளும் சத்துணவும் பயிற்சியாளரும் இருந்தால்தான் உடற்கட்டு சாத்தியம் என்ற கருத்து இன்று வலுவாக வேரூன்றியுள்ளது. இவற்றுள் எதுவும் போதிய அளவில் கிட்டாத காலத்தில், சிறைவாசத்தையும் வறுமையையும் கடந்து உலக மேடை ஏறியவர் என்பதே மனோகர் ஐச்சின் வாழ்க்கைக்குத் தனிச் சிறப்பு தருகிறது.

இளமையும் நோயும்

ஒன்றுபட்ட வங்கத்தின் கொமில்லா மாவட்டத்தில், தற்போது வங்கதேசத்தில் உள்ள தாம்தி என்ற சிற்றூரில் மனோகர் ஐச் பிறந்தார். எளிய குடும்பம். சிறுவயதிலேயே மல்யுத்தம், பளு தூக்குதல் போன்ற வலிமை சார்ந்த விளையாட்டுகளில் அவருக்கு ஈடுபாடு ஏற்பட்டது.

பன்னிரண்டாவது வயதில் கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோய் அவரைத் தாக்கியது. மணல் ஈக்களால் பரவும் இந்நோய், மண்ணீரலையும் கல்லீரலையும் வீங்கச் செய்து, உடலை உருக்குலைக்கும் தன்மை கொண்டது. உரிய சிகிச்சை இல்லையேல் உயிரைப் பறித்துவிடும். அக்கால வங்கத்திலும் அசாமிலும் ஏராளமானோர் இதற்குப் பலியாயினர். கொல்கத்தா மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-களில் கண்டறிந்த யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்துதான் இந்நோய்க்கு எதிரான போராட்டத்தில் திருப்புமுனையாக அமைந்தது.

மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்ட சிறுவன் மனோகர், இழந்த உடல்நலத்தைத் திரும்பப் பெறுவதற்காகத் தண்டால் போன்ற எளிய பயிற்சிகளைத் தொடங்கினான். நோயிலிருந்து மீளும் வழியாகத் தொடங்கிய பயிற்சி, பின்னர் வாழ்நாள் தொழிலாகவே மாறியது.

வங்கத்தின் உடற்பயிற்சி மரபு

மனோகர் ஐச் உருவான சூழலைப் புரிந்துகொள்ள, அக்காலத்திய வங்கத்தின் உடற்பயிற்சி இயக்கத்தை அறிவது அவசியம். வங்காளிகள் உடல் வலிமையற்றவர்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகளும் எழுத்தாளர்களும் இகழ்ந்துவந்தனர். அதற்கு மறுமொழி கூறும் வகையில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வங்கம் முழுவதும் உடற்பயிற்சிக் கழகங்கள் தோன்றின. சுதேசி இயக்கக் காலத்தில் இவற்றுள் பல, தேசிய உணர்வை ஊட்டும் களங்களாகவும் விளங்கின.

நவீன உடற்கட்டுக் கலையின் தந்தையாகக் கருதப்படும் யூஜென் சாண்டோவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டதும் இந்த ஆர்வத்தைத் தூண்டியது. 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பெரும் உடற்கட்டுப் போட்டியை நடத்தியவர் அவர். 'ஷெர்லாக் ஹோம்ஸ்' கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலும் அப்போட்டியின் நடுவர்களுள் ஒருவராக இருந்தார்.

கொல்கத்தாவில் பிஷ்ணு சரண் கோஷும் பெங்களூருவில் கே.வி.ஐயரும் யோகாசனங்களையும் எடைப் பயிற்சியையும் இணைத்துக் கற்பித்து, ஒரு தலைமுறை இளைஞர்களை உருவாக்கினர். டாக்காவில் இயங்கிய ரூப்லால் உடற்பயிற்சிக் கழகத்தில் மனோகர் ஐச் தமது பயிற்சியைத் தொடர்ந்தார்.

மேடையில் ஒரு பிழைப்பு

உடற்கட்டின் மூலம் வருவாய் ஈட்டும் வாய்ப்பு அந்நாளில் போட்டிகளில் இல்லை. மேடை நிகழ்ச்சிகளில்தான் இருந்தது. புகழ்பெற்ற மாயாஜாலக் கலைஞர் பி.சி.சர்க்காரின் குழுவுடன் இணைந்து மனோகர் ஐச் சாகச நிகழ்ச்சிகளை நடத்தினார். பல்லால் இரும்புக் கம்பியை வளைப்பது, கூர்மையான வாள்முனையில் வயிற்றை அழுத்தித் தாங்குவது, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட தடித்த புத்தகத்தைக் கைகளால் கிழிப்பது ஆகியவை அவரது நிகழ்ச்சிகளில் இடம்பெற்றன. குள்ளமான உருவத்தில் பொதிந்திருந்த அசாதாரண வலிமை, பார்வையாளர்களை வியப்பில் ஆழ்த்தியது.

விமானப்படையும் சிறைவாசமும்

இரண்டாம் உலகப்போர் நடைபெற்றுக்கொண்டிருந்த 1942-ஆம் ஆண்டில், ராயல் விமானப்படையில் உடற்பயிற்சி ஆசிரியராக மனோகர் ஐச் சேர்ந்தார். அங்கு ரூப் மார்ட்டின் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரது திறமையை அடையாளம் கண்டு, நவீன எடைப் பயிற்சி முறைகளை அறிமுகப்படுத்தினார். தண்டாலும் பஸ்கியும் மட்டுமே அறிந்திருந்த வீரருக்கு, ஒவ்வொரு தசைத் தொகுதியையும் தனித்தனியே வளர்க்கும் முறை அப்போதுதான் கைவந்தது.

ஆனால் இந்தப் பணி நீடிக்கவில்லை. ஆங்கிலேய ஆட்சியின் ஒடுக்குமுறை குறித்த வாக்குவாதத்தில், இந்தியர்களை இழிவுபடுத்திப் பேசிய அதிகாரி ஒருவரை அவர் கன்னத்தில் அறைந்தார். இதையடுத்து இராணுவ விசாரணைக்கு உட்படுத்தப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்.

பலரது விளையாட்டு வாழ்க்கை முடிந்துபோகக்கூடிய இடத்தில்தான் அவரது உண்மையான பயிற்சி தொடங்கியது. எவ்விதக் கருவியும் இன்றி, சில நாட்களில் 12 மணி நேரம் வரை சிறையில் பயிற்சி செய்ததாகப் பிற்காலத்தில் அளித்த பேட்டிகளில் அவர் குறிப்பிட்டுள்ளார். உலகப் போட்டிக்குத் தம்மைத் தயார்படுத்தியது அந்தச் சிறைவாசமே என்பதும் அவரது கூற்று. அவரது விடாமுயற்சியைக் கண்ட சிறை அதிகாரிகள், அவருக்குச் சிறப்பு உணவு வழங்கவும் ஏற்பாடு செய்தனர்.

1947-இல் நாடு விடுதலை பெற்றதையொட்டி அவரும் விடுதலையானார். ஆயினும் நாட்டுப் பிரிவினையில் சொந்த ஊர் கிழக்குப் பாகிஸ்தானின் பகுதியாகிவிட்டது. கொல்கத்தாவில் குடும்பத்துடன் புது வாழ்க்கையைத் தொடங்க வேண்டிய நிலை. குடும்பத்தைக் காக்கவும் பயிற்சியைத் தொடரவும் சியால்தா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார்.

லண்டன் மேடை

1950-இல் 'மிஸ்டர் ஹெர்குலஸ்' போட்டியில் மனோகர் ஐச் வெற்றி பெற்றார். அடுத்த இலக்கு லண்டன்.

'மிஸ்டர் யுனிவர்ஸ்' என்ற பெயரிலான போட்டி 1948-இல் லண்டனில் நடைபெற்றது. அமெரிக்காவின் ஜான் கிரிமெக் அதில் வாகை சூடினார். 1950 முதல் பிரிட்டனின் தேசிய அமெச்சூர் உடற்கட்டுச் சங்கம் இப்போட்டியை நடத்தத் தொடங்கியது. போட்டியாளர்கள் உயரத்தின் அடிப்படையில் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழுவாரியாகவும் ஒட்டுமொத்தமாகவும் பட்டங்கள் வழங்கப்பட்டன.

1951-ஆம் ஆண்டுப் போட்டி இந்தியாவுக்கு மறக்க முடியாதது. பிஷ்ணு சரண் கோஷின் மாணவரான மனதோஷ் ராய், தமது குழுவில் பட்டம் வென்று, 'மிஸ்டர் யுனிவர்ஸ்' பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். அவ்வாண்டு ஒட்டுமொத்த அமெச்சூர் பட்டத்தை வென்றவர் பிரிட்டனின் ரெஜ் பார்க். பிற்காலத்தில் அர்னால்டு ஸ்வார்ஸ்நெகரின் ஆதர்ச நாயகனாக விளங்கியவர் இவரே. அதே போட்டியில் மனோகர் ஐச்சுக்கு இரண்டாமிடமே கிடைத்தது.

வெறுங்கையுடன் ஊர் திரும்ப அவர் விரும்பவில்லை. லண்டனிலேயே தங்கி, பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு நேரங்களில் பயிற்சியைத் தொடர்ந்தார். ஓராண்டுக் காத்திருப்பு வீண்போகவில்லை. 1952-இல் உயரம் குறைந்தோருக்கான பிரிவில் முதலிடம் பெற்றபோது அவர் நாற்பது வயதை எட்டியிருந்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரத்தில் அமைந்த கட்டுடல் காரணமாக 'பாக்கெட் ஹெர்குலஸ்' என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது.

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1955-இல் மூன்றாமிடத்தையும், ஐம்பதை நெருங்கிய வயதில் 1960-இல் நான்காமிடத்தையும் அதே போட்டியில் பெற்றார்.

பட்டத்துக்குப் பின்

உலகப் பட்டம் பெரும் செல்வத்தைக் கொண்டுவரவில்லை. இந்தியாவில் அந்நாளில் ஆணழகர்களுக்குப் பரிசுத் தொகையோ விளம்பர ஒப்பந்தமோ கிடையாது. சர்க்கஸ் நிகழ்ச்சிகளிலும் பொது மேடைகளிலும் சாகசங்கள் செய்தும், இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தும் மனோகர் ஐச் வாழ்க்கை நடத்தினார். கொல்கத்தாவில் அவர் நிறுவிய உடற்பயிற்சிக் கூடத்தில் பல தலைமுறை மாணவர்கள் பயின்றனர்.

1991-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் மேற்கு வங்கத்தில் பாரதிய ஜனதா கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். மேற்கு வங்க அரசு 2015-இல் 'வங்க விபூஷண்' விருது வழங்கி அவரைக் கௌரவித்தது. உலகப் பட்டம் வென்று அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே இந்த அரசு விருது அவரை வந்தடைந்தது.

நூறாண்டு வாழ்வின் பின்னணி

2012-இல் நூறாவது பிறந்தநாளைக் கொண்டாடியபோது உலக ஊடகங்களின் கவனம் அவர்மீது திரும்பியது. நீண்ட ஆயுளின் இரகசியம் குறித்த கேள்விகளுக்கு அவர் அளித்த விடை எளிமையானது. பால், பழங்கள், காய்கறிகளுடன் சோறு, பருப்பு, மீன் ஆகியவையே தமது உணவு என்றார். புகைப்பிடித்தலும் மதுவும் அவரிடம் இல்லை. இளமை முதலே பணத்துக்காகப் போராட நேர்ந்தபோதிலும், மனக்கவலை தம்மை ஆட்கொள்ள ஒருபோதும் இடமளித்ததில்லை என்றும் அவர் கூறினார். 2011-இல் இலேசான பக்கவாதம் ஏற்படும் வரை அவர் உடற்பயிற்சியைக் கைவிடவில்லை.

இந்த எளிய பழக்கங்கள் இன்றைய உடற்கட்டு உலகுக்கு ஒரு கேள்வியை முன்வைக்கின்றன. தசை வளர்ச்சியைத் தூண்டும் அனபாலிக் ஸ்டீராய்டு மருந்துகள் 1950-களின் பிற்பகுதியிலிருந்து இத்துறையில் பரவத் தொடங்கின. மருத்துவக் கண்காணிப்பின்றி இவற்றைப் பயன்படுத்துவது இதயத் தசை பாதிப்பு, இரத்தக் கொழுப்பு மாற்றம், கல்லீரல் கோளாறு, மலட்டுத்தன்மை ஆகியவற்றுக்கு வழிவகுக்கும் என்று மருத்துவ உலகம் எச்சரிக்கிறது. சில மாதங்களில் உடலைப் பெருக்க விரும்பும் இளைஞர்கள், மனோகர் ஐச் தமது பட்டத்துக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

தொடரும் மரபு

மனதோஷ் ராய், மனோகர் ஐச் ஆகியோருக்குப் பின் இந்திய உடற்கட்டு விளையாட்டின் பெரும் வெற்றி 1988-இல் வந்தது. பஞ்சாபின் குர்தாஸ்பூரைச் சேர்ந்த பிரேம்சந்த் தேக்ரா, ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற சர்வதேச உடற்கட்டுக் கூட்டமைப்பின் உலகப் போட்டியில் 80 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வென்றார். அர்ஜுனா விருதும், 1990-இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டன.

தென்னிந்தியாவுக்கு அந்த வாய்ப்பு 2019 நவம்பரில் கிட்டியது. தென்கொரியாவின் ஜெஜு தீவில் நடைபெற்ற உலகப் போட்டியில், கேரளத்தின் கொச்சியைச் சேர்ந்த சித்தரேஷ் நடேசன் 90 கிலோ எடைப் பிரிவில் வென்றதுடன், பிற எடைப் பிரிவுகளின் வெற்றியாளர்களையும் விஞ்சி 'மிஸ்டர் யுனிவர்ஸ்' பட்டத்தைக் கைப்பற்றினார். வறிய குடும்பத்தில் பிறந்து, டெல்லியில் உடற்பயிற்சிக் கூடப் பயிற்சியாளராகப் பணியாற்றியபடியே இந்த உயரத்தை எட்டியவர் அவர்.

வெவ்வேறு சர்வதேச அமைப்புகள் வெவ்வேறு விதிமுறைகளின்கீழ் உலகப் போட்டிகளை நடத்துவதால், இப்பட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது எளிதன்று. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 2002-இல் பூசானிலும் 2006-இல் தோஹாவிலும் உடற்கட்டு இடம்பெற்றது, பின்னர் நீக்கப்பட்டது. ஒலிம்பிக்கில் இதற்கு இடமில்லை. இதனால் இவ்விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலைவாய்ப்பும் நிதியுதவியும் பிற விளையாட்டுகளுக்கு நிகராகக் கிடைப்பதில்லை. போட்டிக்கான உணவுச் செலவையும் பயணச் செலவையும் சொந்தக் கையிலிருந்தோ கடன் வாங்கியோ சமாளிக்கும் நிலை பலருக்கு இன்றும் தொடர்கிறது.

சுருக்கக் குறிப்பு

பெயர்: மனோகர் ஐச்

பிறப்பு: மார்ச் 17, 1912, தாம்தி, கொமில்லா மாவட்டம் (தற்போதைய வங்கதேசம்)

மறைவு: ஜூன் 5, 2016, கொல்கத்தா

உயரம்: 4 அடி 11 அங்குலம்

பட்டப்பெயர்: பாக்கெட் ஹெர்குலஸ்

முக்கிய வெற்றிகள்: மிஸ்டர் ஹெர்குலஸ் (1950), மிஸ்டர் யுனிவர்ஸ், உயரம் குறைந்தோர் பிரிவு (1952)

விருது: வங்க விபூஷண் (2015)