பள்ளி என்னும் பழஞ்சொல்

நாள்தோறும் நாவில் பயிலும் எளிய சொற்களுள் சில, அரச மரபுகளினும் நெடிய வரலாறு உடையவை. 'பள்ளி' அத்தகைய சொல். இன்று அதனைக் கேட்டதும் கரும்பலகையும் மாணவரும் நம் மனக்கண்முன் தோன்றுவர். ஆயின், கல்விக்குரிய சொல்லாவதற்கு முன்னரே அது சமயத்திற்குரிய சொல்லாய் விளங்கிற்று.

படுக்கை, துயில் என்பன இச்சொல்லின் பழம்பொருள்கள். 'பள்ளிகொள்ளுதல்', திருக்கோயிலின் 'பள்ளியறை', வைகறையில் இறைவனைத் துயிலுணர்த்தும் 'திருப்பள்ளியெழுச்சி' ஆகியவற்றில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. துறவியர் தங்கித் துயின்ற உறையுளும் பள்ளி எனப்பட்டது. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துக் குன்றில், கணிநந்தன் என்னும் சமணத் துறவிக்காக, நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி உறையுள் அமைத்துத் தந்தான். கி.மு. 2-ஆம் நூற்றாண்டினது என ஐராவதம் மகாதேவன் கணித்த அக்கல்வெட்டில் 'பளிஇய்' என்னும் வடிவம் காணப்படுகிறது. மெய்யெழுத்தை இரட்டிக்காது எழுதப்பட்ட வடிவில் அதுவே 'பள்ளி'. திருச்சிராப்பள்ளி மலைக்குகையிலும் துறவியரின் கற்படுக்கைகளை இன்றும் காணலாம்.

இச்சொல் ஒரு சமயத்தார்க்கே உரியதாய் இருந்ததில்லை. மதுரைக்காஞ்சி, பௌத்தரின் 'கடவுட்பள்ளி'யைக் கூறுகிறது, 'அந்தணர்பள்ளி'யையும் கூறுகிறது. சோழர் காலத்தில் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' எனப்பட்டது. இறந்த அரச குடும்பத்தார் நினைவாக எழுந்த கோயில் 'பள்ளிப்படை' எனப் பெயர் பெற்றது. அரிஞ்சய சோழனுக்காக இராசராசன் மேற்பாடியில் எடுப்பித்த கோயில் அவ்வகையினது.

நம் நாட்டோடு தொடர்புடைய சான்றும் ஒன்று உண்டு. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரத்தை எழுப்பினான். அப்பள்ளிக்கு இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் இதனைத் தெரிவிக்கின்றன. கடாரத்தைக் கெடா என்பர் அறிஞர். பௌத்த அரசன் எழுப்பிய பள்ளியைச் சைவ மன்னன் புரந்தான் என்பது நினையத்தக்கது.

இனி, துறவியர் உறையுள் கல்விக்கூடம் ஆனது எங்ஙனம்? உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகிய நான்கையும் கொடையாக வழங்குதல் சமணர் அறம். ஆதலின் அவர்தம் பள்ளிகளில் கற்பித்தலும் நிகழ்ந்தது. வேடல் என்னும் ஊரின் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியையும் அவரைச் சார்ந்த 500 பிள்ளைகளையும் குறிக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் பெண்ணொருவர் ஆசிரியராய் வீற்றிருந்தார் என்பது தமிழர்க்குப் பெருமை தருவது. நாளடைவில் துறவியர் அகன்றனர், கல்வி நிலைத்தது, பெயரும் நிலைத்தது.

பின்வந்த சமயங்களும் இச்சொல்லை உவந்தேற்றன. இசுலாமியத் தமிழர் தம் தொழுகை இல்லத்தைப் 'பள்ளிவாசல்' என்றனர்; மலையாள நாட்டுக் கிறித்தவர் தேவாலயத்தையும் 'பள்ளி' என்றே வழங்குகின்றனர். பினாங்கில் 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தோன்றியது. அதே தீவில் 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிற்று. தொழுமிடம் ஒன்று, பயிலுமிடம் மற்றொன்று. இரண்டையும் தமிழர் 'பள்ளி' என்றே அழைத்தனர்.

பழைய பள்ளிகள் தாமே நின்றவை அல்ல. கடலன் வழுதி போன்றார் கல்லைக் குடைவித்தனர். மன்னர் ஊரை ஈந்தனர். காப்பார் குன்றியபோது பல பள்ளிகள் பாழாகிக் கற்படுக்கைகளே எஞ்சின. நம் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் உழைப்பாளர் கைப்பொருளாலும் உடலுழைப்பாலும் வளர்ந்தவையே. அவ்வகையில் அவர் ஈந்த சிறுபொருளும் ஒரு பள்ளிச்சந்தம்தான். இருபது நூற்றாண்டுகளுக்கு மேலாக இச்சொல்லை உயிரோடு வைத்திருப்பது அந்த ஈகையே. அஃது உள்ளவரை இச்சொல்லுக்குப் பொருளும் இருக்கும்.