வினைத்தூய்மை: பொறுப்பில் இருப்பவருக்குச் சொன்ன பத்துக் குறள்

திருக்குறளின் 66ஆம் அதிகாரம் வினைத்தூய்மை. அறத்தைப் பற்றியதுதான், ஆனால் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அமைச்சியலில், சொல்வன்மைக்கும் வினைத்திட்பத்துக்கும் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. பேசி ஜெயிக்கத் தெரிந்தவன் செய்து முடிக்கும் உறுதியைக் கற்குமுன் எதைச் செய்யக்கூடாது என்று கற்க வேண்டும் என்பதே இந்த வைப்புமுறையின் பொருள். அமைச்சன் என்பவன் பிறர் தந்த அதிகாரத்தில், பிறர் பொருளைக் கையாள்பவன். இன்றைய ஆடிட்டர், சைட் இன்ஜினியர், மருத்துவர், வங்கி மேலாளர் எல்லோரும் அந்த இடத்தில் நிற்பவர்களே. பத்துக் குறளையும் வரிசையாகப் படித்தால், தவறு செய்யப் போகிறவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்குகளை வள்ளுவர் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போவது தெரியும்.

குறள் 651, 652, 653

நல்ல துணை செல்வம் தரும். நல்ல செயலோ வேண்டியது எல்லாம் தரும் என்பது முதல் குறள். மேலிடத்தில் ஆள் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்ற தைரியம் இங்கேயே போய்விடுகிறது. புகழும் நன்மையும் சேர்ந்து வராத வேலையை என்றும் விலக்கு என்கிறது அடுத்தது. திறப்பு விழாத் தேதிக்காக அவசரமாகப் பூசி முடித்த பள்ளிக் கட்டடம் பெயர் வாங்கித் தரலாம். அதில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு நன்மை தராது. உயர நினைப்பவர் தம் மதிப்பை மங்கச் செய்யும் செயலைக் கைவிட வேண்டும் என்பது மூன்றாவது. முன்னேற வேண்டும் என்ற ஆசையை வள்ளுவர் குறை சொல்லவில்லை. அதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறார், அவ்வளவே.

குறள் 654

நடுக்கமற்ற தெளிந்த பார்வை உள்ளவர்கள் துன்பத்தில் சிக்கினாலும் இழிவானதைச் செய்யமாட்டார்கள். இங்கே அடைபடுவது 'நெருக்கடி' என்ற சாக்கு. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்படுவதற்கு முந்தைய தொலைபேசிக் கூட்டத்தில், அதன் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் எச்சரித்தார்கள்: இந்தக் குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவ வேண்டாம். நாசாவின் அழுத்தத்தில் நிறுவனத்தின் மேலாளர்கள் அந்த முடிவை மாற்றினார்கள். ஏவுதளத்தில் இருந்த அந்நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்ட் பரிந்துரையில் கையெழுத்திட மறுத்தார். மேலாளர் ஒருவர் கையெழுத்திட்டு அனுப்பினார். மறுநாள் 73ஆம் விநாடியில் ஓடம் சிதறியது; 7 பேர் இறந்தார்கள். மெக்டொனால்டின் மறுப்பு ஏவுதலைத் தடுக்கவில்லை. ஆனாலும் செயல் பலித்ததா என்று இந்தக் குறள் கேட்பதில்லை; பார்வை நடுங்கியதா என்றுதான் கேட்கிறது.

குறள் 655

பின்னால் வருந்தும்படியானதைச் செய்யாதே, செய்துவிட்டால்? இங்கே உரைகள் பிரிகின்றன. மீண்டும் அதைச் செய்யாதே என்பது பலர் கொள்ளும் பொருள். செய்த பின் உட்கார்ந்து புலம்பாதே என்கிறார் உரையாசிரியர் பரிமேலழகர். தொழிலில் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டியிருக்கிறது. நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தின் கட்டமைப்பை வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர், கட்டி முடித்த பிறகு, 1978இல், பலத்த காற்றில் அதன் இணைப்புகள் தாங்காமல் போகலாம் என்று கண்டார். உரிமையாளரிடம் தாமே போய்ச் சொன்னார். இரவு இரவாக வெல்டிங் செய்து இணைப்புகளைப் பலப்படுத்தினார்கள். புலம்பல் இல்லை, திருத்தம் உண்டு. ஆனால் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு இந்த ஆபத்து 1995 வரை தெரியாது. திருத்தியது சரி, மறைத்ததைச் சான்றோர் ஏற்பார்களா என்பது அடுத்த குறளுக்குப் போகும் கேள்வி.

குறள் 656

பெற்ற தாயின் பசியைப் பார்க்க நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே. அதிகாரத்தின் உச்சம் இதுதான்; கொடுமையாகத் தோன்றுவதும் இதுதான். பரிமேலழகருக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்கிறது. முதிய பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடினால் தீயவை செய்தாவது காப்பாற்று என்று அறநூலில் பொதுவிதி இருக்கிறதே என்று அவரே எடுத்துக்காட்டி, அரசனுக்கு அமைச்சனாக மதிப்போடு இருப்பவனுக்கு அந்த விதி பொருந்தாது என்று விடை சொல்கிறார்.

வீட்டு அறமும் பதவி அறமும் பிரியும் இடம் இது. பசித்தவன் ஒரு கடையில் அரிசி எடுத்தால் அந்தக் கடைக்காரருக்கு நட்டம். 28ஆம் நாள் கான்கிரீட் க்யூப் டெஸ்ட்டில் தேறாத கலவைக்குத் தேறியதாக ஓர் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால், அந்தக் கூரையின் கீழ் படுக்கப் போகிறவர்கள் யாரென்று அவருக்கே தெரியாது. அவர்கள் நம்புவது அவரை அல்ல, அவர் இடும் முத்திரையை. அந்த நம்பிக்கையை விற்றுத் தாய்க்குச் சோறு வாங்க அவருக்கு உரிமை இல்லை. கடன் கேட்கலாம், சம்பளத்தில் முன்பணம் கேட்கலாம், உறவுகளிடம் கை நீட்டலாம். குறள் அதையெல்லாம் தடுக்கவில்லை. மேலும், நடைமுறையில் தாயின் பசிக்காகக் கையெழுத்து விற்பவர் அரிது. மகள் கல்யாணத்துக்குப் பெரிய மண்டபம், ஊருக்கு வெளியே இரண்டாவது மனை என்பவைதான் பெரும்பாலும் பசியின் வேடத்தில் வருகின்றன.

குறள் 657, 658, 659

பழி சுமந்து சேர்த்த செல்வத்தைவிடச் சான்றோரின் கடும் வறுமை மேல் என்பது முந்தைய குறளின் விலையைச் சொல்கிறது. விலக்கியதை விலக்காமல் செய்தவருக்கு, அது நிறைவேறினாலும் துன்பமே என்கிறது அடுத்தது. மாட்டிக்கொண்டால் துன்பம் என்று சொல்லவில்லை. நிறைவேறினாலும் துன்பம் என்கிறது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று எழுதிய ஒப்புதல் கடிதம் இதற்கு உரை போலவே இருக்கிறது. கணக்கில் காட்டிய பொய் ஒவ்வொரு காலாண்டும் பலித்தது. பலித்ததாலேயே அடுத்த காலாண்டில் அதைவிடப் பெரிய பொய் தேவைப்பட்டது.

பிறரை அழவைத்துப் பெற்றது அழவைத்துப் போகும் என்பது 659. கந்துவட்டியில் வளர்ந்த எத்தனையோ குடும்பங்கள் அழாமல் இருப்பதை ஊரில் பார்க்கிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எப்போது போகும் என்று குறள் தேதி குறிக்கவில்லை. அதன் இரண்டாம் பாதியே நமக்கு உதவும்: நல்வழியில் வந்தது கை நழுவினாலும் பிறகு பயன் தரும்.

குறள் 660

வஞ்சனையால் பொருள் சேர்த்துப் பாதுகாப்பது, சுடாத மண் கலத்தில் நீரை ஊற்றி வைப்பது போன்றது. இதை அமைச்சன் தன் அரசனுக்குச் செய்யும் பாதுகாப்பாகக் கொள்கிறார் பரிமேலழகர். அப்படிப் படித்தால் கடைசிச் சாக்கும் அடைபடுகிறது: 'எனக்காகவா செய்தேன்? கம்பெனிக்காகத்தானே!' வோக்ஸ்வாகனின் டீசல் கார்களில், சோதனை நடப்பதை அறிந்து அப்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்தவர்கள் நிறுவனத்துக்காகவே உழைத்தவர்கள். 2015இல் அது வெளியானபோது, உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் அது இருந்தது. அபராதமும் இழப்பீடுமாக நிறுவனம் பல்லாயிரம் கோடி ரூபாய் கொடுத்தது. பொறியாளர் ஒருவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. சுடாத கலத்தில் ஊற்றினால் நீர் மட்டும் போவதில்லை, கலமும் கரைந்துவிடும். முதலாளியின் நன்மைக்காகப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லும்போது மறுப்பவர்தான், இந்த உரையின்படி, அந்த முதலாளிக்கு உண்மையான அமைச்சர்.