காயம் காயத்தான் வேண்டுமா?

"கட்டுப் போடாதை, காத்துப் படட்டும், தானாக் காஞ்சிடும்." எங்கட வீடுகளில இப்பவும் கேட்கிற கதை. வைத்தியர்களும் நெடுங்காலம் இதைத்தான் நம்பினார்கள். பொருக்கு வந்தால் புண் ஆறுது என்று அர்த்தம்.

1962இல் ஜோர்ஜ் வின்டர் என்ற பிரித்தானிய ஆய்வாளர் இதைப் பன்றிகளில் சோதித்தார். பன்றித் தோல் மனிதத் தோலுக்குக் கிட்டத்தட்ட ஒத்தது. சில காயங்களைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பொலித்தீனால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காரணம் எளியது: காய்ந்த பொருக்குக்குக் கீழே தோல் கலங்கள் வழி தோண்டித்தான் போகவேணும், ஈரமென்றால் மேலாலேயே நகர்ந்துவிடும்.

ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஹைட்ரோஜெல், அதாவது தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும் பொலிமர் வலை, அப்போது கண்ணுக்காக உருவாகிக்கொண்டிருந்தது. ப்ராக் நகரில் ஒட்டோ விக்டர்லேயும் லிம்மும் 1960இல் அதைப் பற்றி எழுதினார்கள். விக்டர்லே 1958இல் அரசியல் காரணங்களால் தான் கற்பித்த நிறுவனத்திலிருந்து துரத்தப்பட்டவர். 1961 நத்தார் காலத்தில், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருத்துப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே மென்வில்லைகளை வார்த்தார். புண்ணுக்குப் போடும் ஜெல் பிறகுதான் வந்தது.

சீனி வருத்தக்காரரின் கால்புண் வேற மாதிரி. நரம்பு மரத்துப்போனதால ஆணி ஏறினாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவு. புண் அழற்சிக் கட்டத்தைத் தாண்டாமல் மாதக்கணக்கில் கிடக்கும். கிருமி தொற்றினால் விரலில் தொடங்கிக் கால் வரைக்கும் வெட்டவேண்டி வரலாம். இன்றைய "ஸ்மார்ட்" ஜெல்கள் இதற்காகத்தான். சிலதில் உள்ள போரோனிக் அமிலம் குளுக்கோஸைப் பிடித்துக்கொள்ளும். அப்போது வலை தளர்ந்து, உள்ளே வைத்த மருந்து கசியும். சீனி கூடினால் மருந்தும் கூடும். கெட்டித்தனமான யோசனைதான். ஆனால் புண்மேல் விழுகிற உடல் பாரத்தை எந்த ஜெல்லும் இறக்கி வைக்காது. அதற்குத் தனிச் செருப்பும் ஓய்வும் வேணும்.

இன்னொன்று. இந்த ஜெல்களில் பெரும்பாலானவை எலிகளில்தான் சோதிக்கப்படுகின்றன. எலியின் தோல் தளர்வானது. காயத்தின் விளிம்புகள் சுருங்கி ஒன்றுசேர்ந்தே பெரும்பகுதி மூடிவிடும். மனிதக் காலில் அப்படி நடக்காது. வின்டர் பன்றியைத் தேடிப் போனது சும்மா இல்லை.