ஒரு மாலைப் பாடலின் யாப்பு

மறையுண்மைகளைக் காத்தவை பொதுச்சங்கங்கள் மட்டுமல்ல. சிறு பாடல்களும் அப்பணியைச் செய்தன. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியார் இலத்தீனில் இயற்றிய மாலைப் பாடல் அதற்கு ஒரு சான்று.

கிறிஸ்து தந்தைக்கு இணையானவர் அல்லர் என்ற ஆரியுஸ் கொள்கையினருக்கு ஆதரவாக, 386ஆம் ஆண்டில் பேரரசி யுஸ்தினா ஆயரை நெருக்கினார். ஆயரோடு சாகவும் துணிந்த மக்கள் கோவிலுக்குள்ளேயே விழித்திருந்தனர். புனித மோனிக்காவும் அவர்களோடு இருந்தார். துயரத்தில் அவர்கள் சோர்ந்துபோகாதபடி கீழை நாட்டு முறையில் பாடல்கள் பாடும் வழக்கம் அப்போது தொடங்கியது என்கிறார் புனித அகுஸ்தீனார். பாடல்களால் மக்களை மயக்குகிறார் என்று ஆயரை எதிரிகள் பழித்தனர்.

அந்த 'மயக்கம்' எங்கிருந்து வந்தது? யாப்பின் எளிமையிலிருந்தே. மாலைப் பாடலில் எட்டுச் செய்யுள்கள். செய்யுளுக்கு நான்கு அடிகள். அடிக்கு எட்டு ஒலிகள். குறிலும் நெடிலும் மாறிமாறி வருவது அடியின் அடிப்படை அமைப்பு. 'நிலா' என்னும் சொல்லை நான்கு முறை அடுக்கிச் சொன்னால் அந்த ஓசை நமக்கும் விளங்கும். எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டுப் பற்றிக்கொள்ளத்தக்க நடை இது. இறுதிச் செய்யுளோ மூவொரு கடவுளை நோக்கிய மன்றாட்டு. எனவே பாடியவர்கள் விசுவாசத்தையும் அறிக்கையிட்டனர்.

387ஆம் ஆண்டில் மோனிக்கா ஓஸ்தியாவில் இறந்தார். அழமுடியாமல் தவித்த மகன், உறங்கி எழுந்து படுக்கையில் தனித்திருந்தபோது இப்பாடலின் அடிகளையே நினைவுகூர்ந்தார். அதன்பின் கண்ணீர் பெருகியது.

பின்னர்த் தம் 'அறிக்கைகள்' நூலின் பதினோராம் பகுதியில், காலம் என்றால் என்ன என்று ஆராய்கையில், அவர் இப்பாடலின் முதலடியையே எடுத்துக்கொள்கிறார். நெடில் குறிலைப்போல் இருமடங்கு என்கிறோம். ஆனால் நெடில் ஒலிக்கும்போது குறில் மறைந்துவிட்டது. நெடிலும் முடிந்தபின்னரே அளக்கப்படுகிறது. அப்படியானால் நாம் அளப்பது ஒலியை அன்று, நினைவில் பதிந்ததையே என்று அவர் தெளிகிறார். பாடலுக்குப் பொருந்துவது மனித வாழ்வு முழுமைக்கும் பொருந்தும் என்றும் கூறுகிறார்.

வாழ்வின் குறிலும் நெடிலும் ஒலிக்கும்போதே நமக்கு விளங்கிவிடுவதில்லை. அடி முடியும்வரை பொறுமையோடு பாடுவதே நம் கடமை. முழுப் பாடலையும் அறிந்தவர் இறைவன் ஒருவரே.