மின்வழங்கிகளில் பின்னூட்டச் சீராக்கம்: வரலாறு

மின்வழங்கியின் வெளியீட்டை அளந்து, அந்த அளவைக் கொண்டே வெளியீட்டைத் திருத்தும் முறை பின்னூட்டச் சீராக்கம் எனப்படும். உள்ளே வரும் மின்சாரம் ஏறி இறங்கினாலும், இணைத்த கருவி இழுக்கும் மின்னோட்டம் மாறினாலும் வெளியீடு மாறக்கூடாது. 1960-களில் பரவிய டிடிஎல் வகைச் சில்லுகள் இத்தேவையைக் கூர்மையாக்கின. அவை 4.75 முதல் 5.25 வோல்ட் வரையில்தான் சரியாக இயங்கும்; 7 வோல்ட்டைத் தாண்டினால் பழுதாகலாம்.

இதன் அடிப்படை தொலைபேசித் துறையில் பிறந்தது. பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்டு பிளாக், 1927 ஆகஸ்ட் 2 அன்று ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் செல்கையில், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே எதிர் பின்னூட்டப் பெருக்கியின் வரைபடத்தைக் குறித்தார். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளீட்டுக்குத் திருப்பினால் பெருக்கம் குறையும். ஆனால் பிழையும் அதே விகிதத்தில் குறையும். பாடுபட்டுப் பெற்ற பெருக்கத்தை வீணாக்குவதா என்ற ஐயத்தை வெல்வது எளிதாக இல்லை. 1928-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது.

இக்கருத்து மின்வழங்கிகளிலும் இடம்பெற்றது. 1939-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹன்ட், ஹிக்மன் இருவரும் மின்னணு மின்னழுத்த நிலைநிறுத்திகள் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அக்காலச் சுற்றில் ஒரு வெற்றிடக் குழாய் மின்னோட்டப் பாதையில் தொடராக நிற்கும். வாயுக் குழாய் ஒன்று மாறாத ஒப்பீட்டு மின்னழுத்தம் தரும். இரண்டுக்கும் இடையே ஒரு பெருக்கி. பின்னர் குழாய்களின் இடத்தில் டிரான்சிஸ்டரும் செனர் டையோடும் அமர்ந்தன. சுற்றின் அமைப்பு மாறவில்லை.

எடுத்துக்காட்டாக, 5 வோல்ட் வெளியீட்டை இரு சம மின்தடைகள் பாதியாக்கி 2.5 வோல்ட் தருகின்றன என்க. ஒப்பீட்டு மின்னழுத்தமும் 2.5 வோல்ட். வெளியீடு 4.9 வோல்ட்டுக்கு இறங்க முற்பட்டால் பாதி 2.45 ஆகும். அந்த 0.05 வோல்ட் வேறுபாட்டைப் பெருக்கி பெரிதாக்கி, தொடர் டிரான்சிஸ்டரை மேலும் கடத்தச் செய்கிறது, வெளியீடு உயர்கிறது. பின்னூட்ட வளையத்தின் பெருக்கம் 1000 எனில், ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1000-இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் திருத்தம் காலந்தாழ்ந்து வந்தால் சுற்று தானே அலைவுறத் தொடங்கும். எப்போது அலைவுறும் என்பதற்கான விதியை நைக்விஸ்ட் 1932-இல் தந்தார். சீராக்கியின் அருகே மின்தேக்கி வைப்பதில் பலர் கவனக்குறைவாக இருக்கின்றனர். பல சுற்றுகள் அலைவுறுவது அதனால்தான்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஓமின் விதியே போதும். பாதையில் 0.5 ஓம் மின்தடை வைத்தால், 1.2 ஆம்பியரில் அதன் குறுக்கே 0.6 வோல்ட் தோன்றும். இது இன்னொரு சிலிக்கான் டிரான்சிஸ்டரை இயக்கப் போதுமானது. அது தொடர் டிரான்சிஸ்டரின் அடிவாய் மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், வெளியீட்டில் குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும் மின்னோட்டம் அந்த அளவைத் தாண்டாது.

எனினும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. உள்ளீடு 9 வோல்ட் எனில், இயல்பான நிலையில் 1.2 ஆம்பியருக்குத் தொடர் டிரான்சிஸ்டரில் சுமார் 4 வாட் வெப்பமாகும். குறுக்குச்சுற்றின்போது அதுவே 10 வாட் ஆகிறது. மின்னோட்டம் கட்டுக்குள் இருக்க, டிரான்சிஸ்டர் வெந்துபோகும்.

இதற்கு நேர்த்தியான விடை கண்டவர் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் பாப் விட்லர். 1966-இல் அவர் உருவாக்கிய எல்எம்100 சீராக்கிக்கு, மிகுந்த மின்னோட்டம் வேண்டுமெனில் வெளியே தனி டிரான்சிஸ்டர் தேவைப்பட்டது. சில ஆண்டுகளில் வந்த எல்எம்109, மூன்றே முனைகளுடன் 5 வோல்ட்டில் 1 ஆம்பியருக்கு மேல் தந்தது. ஒப்பீட்டு மின்னழுத்தத்துக்குச் செனர் டையோடு இல்லை. வெப்பத்தால் குறையும் ஒரு மின்னழுத்தத்தையும் கூடும் இன்னொன்றையும் சேர்த்து, வெப்பத்தால் பெரிதும் மாறாத 1.2 வோல்ட் அளவைச் சில்லுக்குள்ளேயே பெற்றார். சில்லு அளவுமீறிச் சூடானால் தானே வெளியீட்டை நிறுத்தும் அமைப்பையும் சேர்த்தார். இவ்வாறு மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றோடு வெப்பநிலையும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

இக்காலக் கைப்பேசி மின்னேற்றியில், தேவையற்ற மின்னழுத்தத்தை வெப்பமாக்காமல் வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் பணிபுரிகிறது. வெளியீட்டுப் பக்கத்துக்கும் 230 வோல்ட் பக்கத்துக்கும் நேரடி இணைப்பு இருக்கக்கூடாது என்பதால், பல மின்னேற்றிகளில் பிழைச் செய்தியை ஒரு சிறிய ஒளி உமிழும் டையோடு ஒளியாக அனுப்ப, மறுபக்கத்திலுள்ள ஒளி டிரான்சிஸ்டர் அதைப் பெறுகிறது.