வெண்கருவின் காவலன்

கோழிமுட்டையின் வெண்கருவிலும் மனிதரின் கண்ணீரிலும் பற்றீரியாக்களை அழிக்கும் நொதியம் ஒன்று உண்டு. லைசோசைம் எனப் பெயர் பெற்ற அதனை 1922ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் பிளெமிங் உலகறியச் செய்தார். ஆயின், அது தன் தொழிலை எவ்வாறு இயற்றுகின்றது என்பது நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது.

1965இல் இலண்டன் இராயல் நிறுவனத்தில் டேவிட் பிலிப்சும் அவர்தம் குழுவினரும் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு வெண்கரு லைசோசைமின் வடிவத்தைக் கண்டறிந்தனர். நொதியம் ஒன்றின் முப்பரிமாண வடிவம் இவ்வாறு வெளிப்பட்டது அதுவே முதன்முறை. 129 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி மடிந்து கிடந்தது. அதில் ஒரு பிளவு. பற்றீரியாச் சுவரின் வெல்லச் சங்கிலி அப்பிளவில் வந்து பொருந்துகின்றது. அதன் இரு மருங்கிலும் எதிரெதிராக நிற்பன இரண்டு: 35ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம், 52ஆம் இடத்து அஸ்பாட்டிக் அமிலம். முன்னது ஐதரசன் அயனை ஈந்து பிணைப்பை அறுக்கத் துணைபுரிகின்றது. பின்னது அறுபட்ட முனையைத் தாங்குகின்றது.

1989இல் ஆய்வாளர் 52ஆம் இடத்தில் வேறோர் அமினோ அமிலத்தை வைத்தபோது நொதியத்தின் ஆற்றல் ஏறத்தாழ 5 வீதமாகக் குன்றியது. 35ஆம் இடத்தை மாற்றியபோதோ அளக்கத்தக்க ஆற்றல் எதுவும் எஞ்சவில்லை.

எனினும், ஏனையவை வீணல்ல. சங்கிலியில் தொலைவில் நிற்கும் அவ்விரண்டையும் நேருக்குநேர் கொணர்ந்து நிறுத்துவது முழுச் சங்கிலியின் மடிப்பேயாகும். அறுப்பவை இரண்டு, அவற்றை அவ்விடத்தே நிறுத்துவது அனைத்தின் கூட்டுறவு.