மாடு கத்தும் நேரம்

செயற்கைக் கருவூட்டலில் பழைய சிக்கல் ஒன்று உண்டு: மாடு எப்போது கத்தும் என்பது நம் கையில் இல்லை. சராசரியாக 21 நாளுக்கு ஒரு தடவை வரும் பருவம், அதிகம் போனால் அரை நாள், முக்கால் நாள் நிற்கும். ‘காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி’ என்று நம்ம ஊரில் சொல்வாங்களே, அந்தக் கணக்குக்கு அடிப்படை நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் 1948-இல் வெளியிட்ட ஆய்வு.

சேர்வராயன் மலை மாதிரி இடத்தில் இந்தக் கணக்கு சுலபம் இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. காப்பித் தோட்டங்களுக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் சிற்றூரில் ராத்திரி கத்தின மாட்டுக்கு நேரத்தில் ஆள் வரவில்லை என்றால் 21 நாள் போச்சு. அத்தனை நாளும் தீனி போட்டாகணும்.

இந்தியாவில் முதல் செயற்கைக் கருவூட்டல் 1939-இல், மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமாரன் செய்தது. பிறகு உறைவிந்து வந்தது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்து எந்த மலைக்கும் கொண்டுபோகலாம். ஆனால் மாட்டின் கடிகாரம் மட்டும் பிடிபடவில்லை.

1972-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புரோஸ்டாகிளாண்டினைப் போட்டுப் பார்த்தார்கள். பருவத்தைத் தடுத்து வைக்கும் மஞ்சள் கட்டியை அது கரைத்துவிடும். சில நாளில் மாடு பருவத்துக்கு வரும். ஆனால் எந்த நாள், எந்த மணி என்பது அப்போதும் மாட்டுக்கு மாடு வேறுபட்டது. 1995-இல் விஸ்கான்சினில் பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் மூவரும் ‘ஓவ்சிங்க்’ முறையை வெளியிட்டு அதையும் தீர்த்தார்கள். முதல் நாள் ஜிஎன்ஆர்ஹெச், ஏழு நாள் கழித்து புரோஸ்டாகிளாண்டின், அதற்கு இரண்டு நாள் கழித்து மறுபடி ஜிஎன்ஆர்ஹெச், மறுநாள் சினை ஊசி. மாடு கத்தணும்னு காத்திருக்க வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு ஊசிக்குச் சினை பிடிக்கும் விகிதம் இதனால் பெரிதாகக் கூடவில்லை என்பதுதான். கூடியது, தவறாமல் ஊசி போடப்படும் மாடுகளின் எண்ணிக்கை. மலைக்குத் தேவையும் அதுதான்: ஒரு ஊரின் மாடுகளுக்கெல்லாம் ஒரே நாளைக் குறித்துவிடலாம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. சினையாக இருக்கும் மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் போனால் கன்று கலைந்துவிடும். மருத்துவர் சோதித்த பிறகுதான் போடணும். எலும்பும் தோலுமாக நிற்கும் மாட்டின் சினைப்பையை எந்த ஹார்மோனும் நம்பி எழுப்ப முடியாது. தேதியைத்தான் ஊசி குறிக்கும். தீவனத்தை நாம்தான் போடணும்.